நிதி திரட்டுமுன்

ஜவ்வாது மலையில் மருத்துவமனை நிறுவ விழையும் தொண்டு நிறுவனம், பொருள் கேட்டுப் புறப்படுமுன் செய்ய வேண்டுவன யாவை? மலையை அடுத்த வேலூர் விடை கூறுகிறது.

திண்டிவனத்தில் ஓரிரவில் மூன்று பெண்கள், பெண் மருத்துவர் இன்றிப் பிரசவத்தில் மாண்டதைக் கண்டவர் ஐடா ஸ்கடர் அம்மையார். மருத்துவம் கற்றபின், 1899-இல் அமெரிக்காவில் அவர் நாடியது பெண்கள் மருத்துவமனை ஒன்றுக்கு 8,000 டாலர். தேவையும் தெளிவு, தொகையும் தெளிவு. ஷெல் என்னும் செல்வர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் ஈந்தார். 1902-இல் மருத்துவமனை எழுந்தது. 1918-இல் மருத்துவப் பள்ளியும் தொடர்ந்தது.

ஆகவே குறிக்கோள், மதிப்பீடு, ஒளிவற்ற கணக்கு ஆகிய மூன்றையும் முதலில் ஆயத்தம் செய்தல் வேண்டும். கணக்குக் காட்டாத ஒரு ரூபாய், பின்வரும் நூறு ரூபாயின் வழியை அடைத்துவிடும். அவ்விழப்பு நிறுவனத்துக்கு அன்று. மலையேறி வந்து காத்திருக்கும் நோயாளிக்கே.