பொதுச்சுவர் வீட்டில் கூடுதல் அறை: கடன் வாங்கும் முன் யோசிப்போம்



"மகனுக்குக் கல்யாணம் வருது, ஒரு ரூம் எடுக்கணும்" என்று குழுவில் கடன் கேட்பது நாம் அடிக்கடி பார்ப்பதுதான். காஞ்சிபுரம், கும்பகோணம் பக்கம் நெசவாளர் தெருக்களில் பழைய வீடுகள் பல அகலம் குறைந்து நீளமாக இருக்கும். இரண்டு பக்கமும் பொதுச்சுவர் என்றால் ஜன்னல் வைக்க வழியில்லை. வாசல், முற்றம், கொல்லை இந்த மூன்று வழியாகத்தான் காற்றும் வெளிச்சமும் வரணும்.

முற்றத்தை மூடலாமா?

வேண்டாம். தளம் போட்டு மூடினால் ஒரு அறை கிடைக்கும். ஆனால் பகலிலும் லைட் போடணும். அடுப்புப் புகை உள்ளேயே சுற்றும், சுவர் ஈரம் காயாது. இழுப்பு உள்ள பிள்ளைகளுக்குத் தொந்தரவு கூடும். தறிக்கும் வெளிச்சம் பத்தாது. திருட்டு, குரங்கு பயம் இருந்தால் கம்பி வலை போதும். சாரலுக்கு, வெளிச்சம் புகும் ஷீட்டை ஒரு அடி உயர்த்தி, பக்கங்களைத் திறந்து விட்டுப் போடலாம்.

மேலே கட்டலாமா?

பழைய மச்சு என்பது மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு போட்டது. 10க்கு 10 அடி அறைக்கு 4 அங்குல கான்கிரீட் போட்டால் அந்தத் தளம் மட்டுமே 2 டன்னுக்கு மேல் எடை. கட்டை முனைகள் சுவருக்குள் இருக்கு. மழைநீர் இறங்கினால் அங்கேதான் உளுத்துப் போகும். பக்கத்து வீட்டுக் கட்டையும் அதே சுவரில் இருக்கலாம். அதனால் பொறியாளரிடம் காட்டி, பக்கத்து வீட்டாரிடம் பேசி, உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வாங்கிய பிறகே தொடங்கணும்.

எதை முதலில் செய்வது?

1. மச்சு ஒழுகலை அடைக்கணும். 
2. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசக் கூடாது. ஈரம் உள்ளே தங்கி, பூச்சு உதிரும். சுண்ணாம்புப் பூச்சே நல்லது.
3. கொல்லையில் கொஞ்சம் இடம் திறந்து விட்டு, தனித் தூண் எழுப்பி அறை கட்டலாம்.

புதுச்சேரி வைசியாள் வீதியில் பழைய வீடுகளை அழகு மாறாமல் சீரமைத்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. பழைய வீடு என்றால் இடித்துத்தான் ஆகணும் என்றில்லை.

சகோதரிகளே, தீர்மான நோட்டில் கடன் தொகையை எழுதும் முன், "முற்றம் திறந்திருக்குமா? பொதுச்சுவர் தாங்குமா?" என்று கேளுங்கள். தவணை கட்டி முடித்த பிறகும் நாம் மூச்சு விட வேண்டியது அந்த வீட்டில்தானே!