ஒன்பதாம் வகுப்பு என்பது தாமதம்

ஒன்பதாம் வகுப்பு வரை காத்திராமல் சிறு வயதிலேயே பாலியல் கல்வி தர வேண்டும் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்த வயதில் என்பதற்கான பதில் மூளையின் அடியில், ஹைபோதலாமஸில் இருக்கிறது. அங்கே ஆயிரத்துச் சொச்சம் நரம்பு செல்கள் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனைப் பிட்யூட்டரிக்கு விட்டு விட்டு, துடிப்பு துடிப்பாக அனுப்புகின்றன. 1970களில் பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் இதைக் குரங்குகளுக்கு மணிக்கொரு தரம் செலுத்தினார்கள். பிட்யூட்டரி வேலை செய்தது. இடைவிடாமல் செலுத்தினார்கள், படுத்துவிட்டது. சரக்கு அதேதான், தாளம்தான் வேறு. வயதுக்கு முந்திப் பருவமடையும் குழந்தைகளுக்கு இன்று டாக்டர்கள் போடும் ஊசியும் இந்தச் சூட்சுமத்தை நம்பித்தான் இருக்கிறது.

கோலார் தங்கவயலில், எங்கள் ஊரிகத்துப் பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சுரங்கத்தில் கூண்டை ஏற்றி இறக்கிய என்ஜின்காரர் ஆழத்தில் நடப்பதைப் பார்த்ததில்லை. எத்தனை மணி அடித்தது என்பதே அவருக்குக் கட்டளை. ஓயாமல் அடித்தால் அவர் எதைச் செய்வார்? பிட்யூட்டரியும் அப்படித்தான். பிறந்த சில மாதங்கள் இந்த மணி அடிக்கும், பிறகு பல ஆண்டுகள் ஓய்ந்துவிடும். மறுபடி தொடங்குவது இரவு ஷிஃப்டில்: குழந்தை தூங்கும்போதுதான் முதல் துடிப்புகள் வலுக்கின்றன. கயிற்றை இழுப்பது கிஸ்பெப்டின் என்ற இன்னொரு மூலக்கூறு. அதை ஏற்கும் புரதம் பழுதானால் பருவமே வராது என்று 2003இல் தெரிந்தது. முதல் ஓரிரு ஆண்டுகள் வெள்ளோட்டம். மாதவிலக்கு முன்பின்னாக வரும், கருமுட்டை பல மாதங்களில் வெளிவராது. இதற்கு மேல் ஒப்புமையை இறக்கினால் கயிறு அறுந்துவிடும்.

இந்தத் தூக்கத்துத் துடிப்புகள் வெளி அடையாளங்களுக்கு முன்பே வந்துவிடுகின்றன. அடையாளங்களோ பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும் பையன்களுக்கு 9 முதல் 14க்குள்ளும் தெரியத் தொடங்கும். அப்படியானால் ஐந்தாம் வகுப்பிலேயே பாடம் தேவை. 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டமோ ஒன்பதாம், பதினோராம் வகுப்புகளுக்கு 16 மணி நேரம் ஒதுக்கியது. அதையும் 2007இல் கர்நாடகம் உட்படப் பல மாநிலங்கள் நிறுத்தின. 2009இல் மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பள்ளியில் பாலியல் கல்வி வேண்டாம் என்றது. வரலாறு அவ்வளவுதான், பெருமைப்பட ஒன்றுமில்லை.

சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்பது பழைய ஆட்சேபம். மணி பாடத்தைக் கேட்டு அடிப்பதில்லை என்பது பாதிப் பதில்தான். பயம் உடலைப் பற்றியதல்ல, நடத்தையைப் பற்றியது. அதற்கும் பதில் உண்டு: பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோ, இந்தக் கல்வி பாலுறவை முந்தச் செய்வதாகக் காணவில்லை. அதற்காக இதைச் சர்வரோக நிவாரணி என்று விற்பவர்களையும் நம்ப வேண்டாம். அறிவு கூடுகிற வேகத்தில் நடத்தை மாறுவதில்லை. வீட்டில் சொல்லட்டும் என்பார்கள். 2001இல் சுரங்கம் மூடிய பிறகு இந்தப் பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் விடிகாலை ரயிலில் பெங்களூரு போய் இருட்டிய பின் திரும்புகிறார்கள், எப்போது சொல்வது? பண்பாடு தடுக்கிறது என்பது இன்னும் வேடிக்கை. மஞ்சள் நீராட்டுக்கு ஃபிளெக்ஸ் கட்டி, மண்டபம் பிடித்து, ஊருக்கே பந்தி போடுகிற நமக்கு, அந்தப் பெண்ணிடம் காரணத்தைச் சொல்ல மட்டும் கூச்சம்.

கருவிகளும் செயலிகளும் தேவையில்லை. முதல் ஆண்டில் தேதி தவறினால் பெரும்பாலும் நோயல்ல என்பதும், முதல் மாதவிலக்குக்கு முன்பேகூடக் கரு உண்டாகலாம் என்பதும், தூக்கத்தில் விந்து வெளியேறுவதால் உடம்பு தேயாது என்பதும் இரண்டு பீரியடில் சொல்லிவிடலாம். கடைசிச் செய்தியை எந்த வகுப்பும் சொல்லாததால்தான் ‘இளமையில் செய்த தவறு’ என்று மிரட்டும் லாட்ஜ் வைத்தியர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. பெண்களை மட்டும் ஒரு அறையில் உட்காரவைத்து நாப்கின் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் ஒருநாள் முகாம்களில் பையன்கள் மைதானத்தில் இருக்கிறார்கள். அவர்களையும் உள்ளே கூப்பிட வேண்டும்.