தொட்டுணர் அதிர்வுப் பின்னூட்டம் (பறப்பு ஒப்புருவாக்கி)

தொட்டுணர் அதிர்வுப் பின்னூட்டம் என்பது, பிளைட் சிமுலேட்டர் எனப் பரவலாக அறியப்படும் பறப்பு ஒப்புருவாக்கியில், கணினிக்குள் பறக்கும் விமானத்தின் நிலையை அதிர்வாக மாற்றி, இருக்கை, மிதிகட்டை, கைப்பிடி ஆகியவற்றின் வழியாக ஓட்டுபவரின் உடலுக்கு உணர்த்தும் முறை ஆகும். இதற்கான கருவிகள் வீட்டில் பொருத்தக்கூடிய விலையில் கிடைக்கின்றன. ஆயினும் கருவியை வாங்கிப் பொருத்துவதோடு வேலை முடிவதில்லை. எந்த நிகழ்வுக்கு எந்த அதிர்வெண், எவ்வளவு வீச்சு, எப்போது தொடக்கம், எப்போது நிறுத்தம் என்பனவற்றை மென்பொருளில் அமைப்பதே இதன் பெரும்பகுதி. இவ்வேலை இசைக்கருவிக்குச் சுருதி சேர்ப்பதைப் போன்று பொறுமை வேண்டுவது. தவறாக அமைக்கப்பட்ட அதிர்வு, அதிர்வே இல்லாத நிலையைவிடத் தீங்கானது. ஏன் என்பது கீழே விளக்கப்படுகின்றது.

அதிர்வு ஏன் தேவை

விமானி கண்ணால் மட்டும் பறப்பதில்லை. ஓடுபாதையின் கரடுமுரடு, சக்கரங்கள் உள்மடங்கும் தட்டல், இறகுமடல் விரியும்போது எழும் நடுக்கம் ஆகியவை இருக்கை வழியே அவரை அடைகின்றன. இவற்றுள் தலையாயது, ஸ்டால் எனப்படும் தூக்குவிசை இழப்பின்போது எழும் நடுக்கம். காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் அளவுமீறினால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து குழம்புகின்றது. அக்குழப்பம் இறக்கையையும் வாலையும் அறைவதால் விமானம் நடுங்குகின்றது. பல விமானங்களில் இது இயற்கை தரும் எச்சரிக்கை ஆகும்.

2009 சூன் 1 அன்று ரியோ டி செனீரோவில் இருந்து பாரிசு சென்ற ஏர் பிரான்சு 447 விமானம் அட்லாண்டிக் பெருங்கடலில் வீழ்ந்து 228 பேர் இறந்தனர். 2012 சூலையில் வெளியான பிரெஞ்சுப் புலனாய்வு அமைப்பின் இறுதி அறிக்கை, எச்சரிக்கை ஒலியும் வலுவான நடுக்கமும் தூக்குவிசை இழப்பை அறிவித்தன என்றும், விமானிகள் அதை இனங்காணவில்லை என்றும் கூறுகின்றது. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே நிகழ்ந்த கோல்கன் ஏர் விபத்தும் தூக்குவிசை இழப்பினாலேயே நேர்ந்தது. இத்தகைய விபத்துகளின் பின்னர், முழுமையான தூக்குவிசை இழப்பை ஒப்புருவாக்கிகளிலேயே பயிற்றுவிக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 2016 இல் அமெரிக்க வான்போக்குவரத்து நிருவாகம், பயிற்சிக்குரிய ஒப்புருவாக்கிகள் அந்நிலையை, நடுக்கம் உட்பட, உரியவாறு காட்டவேண்டும் என விதி வகுத்தது. வீட்டுக் கருவிக்கு இவ்விதி பொருந்தாது. எனினும், விமானியாகும் கனவுடன் வீட்டில் பழகும் மாணவரின் உடல் எதைக் கற்றுக்கொள்கின்றது என்பது அற்பமான கேள்வி அன்று.

கருவிகள்

இருவகைக் கருவிகள் பரவலாக உள்ளன. முதல்வகை, சமனற்ற எடை பொருத்திய சிறு மோட்டார். பல கைபேசிகளிலும் விளையாட்டுக் கைப்பிடிகளிலும் இருப்பது இதுவே. பம்புக்கும் மோட்டாருக்கும் பெயர்பெற்ற கோயம்புத்தூரின் பட்டறைகளில் சுழலியைச் சமன்செய்து எந்த அதிர்வை நீக்கப் பாடுபடுகின்றார்களோ, அதே அதிர்வு இங்கு வேண்டுமென்றே உண்டாக்கப்படுகின்றது. சமனற்ற எடை தரும் விசை, சுழற்சி வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஆகவே இவ்வகையில் அதிர்வெண்ணையும் வலிமையையும் தனித்தனியே மாற்ற இயலாது. மெல்லிய ஆனால் விரைவான அதிர்வைக் கேட்டால் அதனால் தர முடியாது. கேம்ட்ரிக்ஸ் ஜெட்சீட் போன்ற இருக்கை விரிப்புகள் இத்தகைய மோட்டார்களைக் கொண்டவை.

இரண்டாம் வகை, பாஸ் ஷேக்கர் எனப்படும் அதிர்ப்பி. பட்கிக்கர், டேட்டன் ஆடியோ முதலிய பெயர்களில் விற்கப்படுவது. கூம்பு இல்லாத ஒலிபெருக்கி என இதைக் கொள்ளலாம். கம்பிச்சுருளும் காந்தமும் காற்றை அசைப்பதற்கு மாறாக ஓர் எடையை அசைக்கின்றன. அதன் எதிர்வினை இருக்கையை உதைக்கின்றது. ஒலிக்குரிய ஆம்ப்ளிஃபயரே இதை இயக்கும். அதிர்வெண்ணும் வீச்சும் இங்கு தனித்தனியே நம் கையில் இருப்பதால், நுணுக்கமான அமைப்புக்கு இதுவே ஏற்றது. ஆனால் ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே சிறிய அதிர்ப்பிகள் வலுவிழக்கின்றன.

மென்பொருள் செய்யும் வேலை

மிக எளிய வழி, விளையாட்டின் ஒலியையே தாழ்வடிகட்டி வழியாக அதிர்ப்பிக்கு அனுப்புதல். இதில் இடியோசையும் இருக்கையை உலுக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரத்து அதிகாரியின் கட்டைக்குரலும் முதுகில் உறுமும். நல்ல வழி, ஒப்புருவாக்கியிடமிருந்து எண்களைப் பெற்று அதிர்வைப் புதிதாக உருவாக்குதல். மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டரில் 2006 ஆம் ஆண்டுப் பதிப்புடன் வந்த சிம்கனெக்ட் என்னும் இடைமுகம் இதற்கு உதவுகின்றது. 1997 இல் முதலில் வெளியான கட்டற்ற மென்பொருளான பிளைட்கியர், தன் உள்நிலை மதிப்புகள் அனைத்தையும் வலைப்பின்னல் வழியே வெளியே தரவல்லது. நிரலாக்கம் பயிலும் மாணவர் தாமே ஓர் அதிர்வு மென்பொருள் எழுதிப் பார்க்க இதைவிட வாய்ப்பான இடம் இல்லை. ஆயத்த மென்பொருள்களில் சிம்ஹப், சிம்ஷேக்கர் ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

பொறியின் அதிர்வெண்ணை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிட்டுவிடலாம். செஸ்னா 172 இன் பொறி நிமிடத்துக்கு 2,400 முறை சுழன்றால், அது நொடிக்கு 40 சுழற்சி. உந்தி இரு அலகுகள் கொண்டது. ஆகவே அலகுகள் கடக்கும் அதிர்வெண் 80 ஹெர்ட்ஸ். நான்கு உருளைகள் கொண்ட நான்கடிப் பொறியில் ஒரு சுழற்சிக்கு இருமுறை எரிதல் நிகழ்வதால் அதுவும் 80 ஹெர்ட்ஸே. சேலம் காமலாபுரம் விமானநிலையத்துக்கு 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கிய சேவைகளில் பறந்த ஏடிஆர் 72 இன் உந்திக்கு ஆறு அலகுகள். பயணநிலையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 984 சுழற்சி. எனவே 98 ஹெர்ட்ஸ். உலங்குவானூர்திகளில் இது இன்னும் தாழ்ந்து, உடல் நன்கு உணரும் எல்லைக்கு வந்துவிடும். சூலூர் விமானப்படைத் தளத்தில் பறந்துள்ள எம்ஐ-17வி5 இன் ஐந்து அலகுச் சுழலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 192 முறை சுழல்வதால் 16 ஹெர்ட்ஸ். அதே சூலூரைத் தளமாகக் கொண்ட சாரங் சாகச அணியின் துருவ் வகைக்கு நான்கு அலகுகள், ஏறத்தாழ 314 சுழற்சி. அதாவது 21 ஹெர்ட்ஸ். கண்ணை மூடிக்கொண்டு இருக்கையில் அமர்ந்தாலே எந்த வானூர்தி என்று சொல்ல முடியும் அளவுக்கு இவை வேறுபட்டவை.

நடுக்கம் சற்றுச் சிக்கலானது. அது பெரும்பாலும் சில ஹெர்ட்ஸ் முதல் பதினைந்து ஹெர்ட்ஸ் வரை, ஒழுங்கற்று அமையும். சிறிய அதிர்ப்பியால் அவ்வளவு தாழ்வாக அதிர இயலாது. ஆகவே வானொலியில் செய்வதைப் போன்று, 35 ஹெர்ட்ஸ் அளவிலான ஊர்தி அலை ஒன்றின் வீச்சை நொடிக்கு எட்டுப் பத்து முறை ஒழுங்கின்றி ஏற்றி இறக்குவர். உடல் அந்த ஏற்ற இறக்கத்தையே நடுக்கமாக உணர்கின்றது. இதைத் தொடங்கும் அளவுகோலாக வேகத்தைக் கொள்வது பொதுவான பிழை. 60 பாகை சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பும்போது தூக்குவிசை இழக்கும் வேகம் 1.41 மடங்காக உயர்கின்றது. நேர்பறப்பில் 50 நாட் எனில் இங்கு 70 நாட். காற்றை இறக்கை சந்திக்கும் கோணத்தையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று

காற்றின் குலுக்கலைச் சரிபார்க்கக் கோயம்புத்தூர் விமானநிலையம் நல்ல களம். வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே, தென்மேற்குப் பருவக்காற்று சூன் முதல் செப்டம்பர் வரை கொங்குச் சமவெளியில் விசையுடன் வீசும். பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகள் நிறைந்திருப்பதும் இதனால்தான். பீளமேட்டில் உள்ள ஓடுபாதை தென்மேற்கு-வடகிழக்காக அமைந்தது (05/23). பருவக்காலத்தில் 23 ஆம் திசையில் இறங்கும் விமானம் அக்காற்றை ஏறத்தாழ முகத்துக்கு நேரே சந்திக்கும். ஒப்புருவாக்கியில் மேற்குத் தென்மேற்கிலிருந்து வன்காற்றை அமைத்து இங்கு சில முறை இறங்கிப் பார்க்கலாம்.

அப்போது ஒரு வேறுபாடு தெளிவாகும். செங்குத்து முடுக்கத்தையே நேராக அதிர்வாக மாற்றினால், சீராகத் திரும்பும்போதும் இருக்கை ஓயாது உறுமும். ஏனெனில் திருப்பத்தில் முடுக்கம் மிகுதி. உண்மையில் சீரான திருப்பத்தில் உடல் அழுந்துமே தவிர அதிராது. முடுக்கத்தை அன்றி, முடுக்கத்தின் மாற்றத்தை எடுத்துக்கொள்ளவேண்டும். உயர்வடிகட்டி ஒன்றே இதற்குப் போதும்.

அமைக்கும் முறை

அமைப்பின் தொடக்கம் எல்லா விளைவுகளையும் சுழியாக்குவது. பின்னர் 10 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை ஒரு சைன் அலையை மெதுவாக ஏற்றிப் பார்க்கவேண்டும். ஏதேனும் ஓர் அதிர்வெண்ணில் நாற்காலி திடீரெனப் பேரளவில் குலுங்கும். அது நாற்காலியின் ஒத்ததிர்வு. விமானத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சமன்படுத்தியில் அவ்விடத்தைத் தாழ்த்தாவிட்டால், பொறியின் வேகம் அவ்வெண்ணைக் கடக்கும்போதெல்லாம் இல்லாத பழுது ஒன்று இருப்பதாகத் தோன்றும்.

அடுத்து, தூக்குவிசை இழப்பு நடுக்கத்தை முதலில் அமைத்து, ஏனையவற்றை அதற்குக் கீழே வைக்கவேண்டும். பெரும்பாலோர் பொறியில் தொடங்குகின்றனர். பொறி எப்போதும் அதிர்ந்துகொண்டே இருப்பது. தொடர் அதிர்வுக்கு உடல் விரைவில் பழகிவிடுகின்றது. சோமனூரிலோ பல்லடத்திலோ விசைத்தறிக் கூடத்தை ஒட்டி வாழ்பவர்க்கு இது தெரியும்: தறி ஓடுவது மனத்தில் படாது; மின்சாரம் போய்த் தறி நின்றால் உடனே தெரியும். பொறி அதிர்வு பழகிப்போனதும், உணரவேண்டும் என்பதற்காக அதை மேலும் கூட்டுவர். கூட்டக்கூட நடுக்கம் அதனுள் மூழ்கிவிடும். ஓர் அதிர்வின் வலிமை ஏறத்தாழ பத்து முதல் முப்பது விழுக்காடு மாறினால்தான் மனிதத் தோல் வேறுபாட்டை உணரும் என்பதால், பின்னணி உயர உயர எச்சரிக்கைக்குத் தேவையான ஏற்றமும் உயர்கின்றது. பொறியை, அது நின்றால் தெரியும் அளவுக்கு மட்டும் வைத்தால் போதும். நடுக்கம் எழும்போது பொறியின் வீச்சைத் தானாகவே பாதியாக்கும் வசதி மென்பொருளில் இருப்பின் பயன்படுத்துதல் நலம்.

பல விளைவுகள் ஒரே நேரத்தில் கூடும்போது மொத்த அலை ஆம்ப்ளிஃபயரின் எல்லையைத் தாண்டி வெட்டுப்படும். அப்போது எல்லாம் ஒரே மாதிரியான இரைச்சலாகின்றன. தரையிறங்கும் கணத்தில்தான் இது மிகுதி: சக்கரத் தட்டல், ஓடுபாதை, எதிர்விசை, தடுப்பு ஆகிய நான்கும் ஒன்றாக வரும். அந்தக் கணத்தை வைத்தே மொத்த அளவை நிறுவவேண்டும். ஓடுபாதை அதிர்வு, சக்கரத்தில் எடை உள்ளபோது மட்டும், தரைவேகத்துக்கு ஏற்ப எழவேண்டும். வானில் பறக்கும்போது தரை உறுமும் அமைப்புகளும் உண்டு.

காலத்தாழ்ச்சி மற்றொன்று. ஒலியட்டையின் இடையகம் 1,024 மாதிரிகள் எனில், நொடிக்கு 48,000 மாதிரி வீதத்தில் அது மட்டுமே 21 மில்லிநொடி. சமனற்ற எடை மோட்டார் சுழன்று வேகம்பெற மேலும் காலம் எடுக்கும். தட்டல் திரைக்குப் பிந்தினால், சக்கரம் இருமுறை தரையைத் தொட்டதாக உடல் மயங்கும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

நீண்டநேர முழுவுடல் அதிர்வு உடலுக்கு நல்லதன்று. செங்குத்துத் திசையில் மனித உடல் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுக்கே மிகுதியாக ஆட்படுகின்றது. ஐஎஸ்ஓ 2631 என்னும் அனைத்துலகச் செந்தரம் இதனைக் கணக்கில் கொள்கின்றது. வீட்டு அதிர்ப்பிகள் அந்த எல்லைக்குக் கீழிறங்குவது அரிது. ஆயினும் முதுகுவலி உள்ளோர் வலிமையைக் குறைத்தே வைத்தல் வேண்டும்.

கான்கிரீட்டுத் தளம் தாழ் அதிர்வெண்ணைக் கீழ்வீட்டுக் கூரைக்குத் தயங்காமல் கடத்தும். மேல்வீட்டில் செஸ்னா புறப்பட்டால் கீழ்வீட்டில் பாத்திரம் அதிரக்கூடும். நாற்காலிக் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர்த் துண்டுகளை வைப்பது வழக்கம். இதில் மற்றொரு நன்மையும் உண்டு: தளத்துக்குள் வீணாகும் ஆற்றல் இருக்கையிலேயே தங்குவதால், அதே உணர்வுக்கு ஆம்ப்ளிஃபயரைக் குறைத்து வைக்கலாம். ரப்பரை வைத்த பின்னர் நாற்காலியின் ஒத்ததிர்வு இடம் மாறும் என்பதால் சைன் அலைச் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்யவேண்டும்.