வீடு இங்கே, பேரப்பிள்ளை அங்கே

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்குக் கொடி ஏறினால், குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே தீவகத்துக் குடும்பங்கள் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பது தெரிந்துவிடும். வேட்டி கட்டி, தோளில் கமரா மாட்டி நிற்கும் மகனிடம் இருப்பது கனேடியக் கடவுச்சீட்டு. அவர் வந்திருப்பது சுற்றுலா விசாவில். பக்கத்தில் நிற்கும் தாயிடம் இலங்கைக் கடவுச்சீட்டு. அதைத் திறந்தால் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்வந்த விசாக்கள். அவையும் வருகையாளர் விசாக்கள்தான். மகன் பிறந்த ஊருக்கு விருந்தாளி, தாய் மகன் வீட்டுக்கு விருந்தாளி. இரண்டு பேரும் விமான நிலையத்தில் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: ஏன் இத்தனை தரம் வருகிறீர்கள், ஏன் இவ்வளவு நாள் நிற்கிறீர்கள்?

பயணம் தீவாருக்குப் புதிதில்லை. ஊர்காவற்றுறை சுங்கமும் பாய்க்கப்பல்களுமாக இருந்த துறைமுகம். நாகப்பட்டினத்தோடு அதற்கு நெருங்கிய வணிகத் தொடர்பு இருந்தது. புங்குடுதீவாரும் வேலணையாரும் காரைநகராரும் தென்னிலங்கை நகரங்களில் கடை நடத்தி, நல்லநாள் பெருநாளுக்கு ஊர் வந்து திரும்பினார்கள். 1983க்குப் பிறகு அந்தப் போக்குவரத்தின் தன்மையே மாறியது. 1990, 1991 இராணுவ நடவடிக்கைகளோடு தீவகத்தின் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. போனவர்களில் பலர் பாரிஸ், சூரிச், லண்டன், ரொறன்ரோ என்று வேரூன்றிவிட்டார்கள். புங்குடுதீவில் இன்றும் கதவில்லாத கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் உறுதி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், ஊரில் இருப்பவர்கள் ஐரோப்பிய நகரம் ஒன்றின் பெயரைச் சொல்வார்கள்.

முதலில் இங்கிருந்து போகிறவர்களைப் பார்ப்போம். பிரித்தானியாவின் வருகையாளர் விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை நிற்கலாம். இரண்டு, ஐந்து, பத்து ஆண்டுகளுக்கும் விசா எடுக்கலாம். ஆனால் பத்து ஆண்டு விசா கையில் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஆறு மாதத்துக்கு மேல் நிற்க முடியாது. நமது ஆட்களிடையே ஒரு நம்பிக்கை உறுதியாக இருக்கிறது: பன்னிரண்டு மாதத்தில் 180 நாளைத் தாண்டாவிட்டால் பிரச்சினை இல்லை. பயண முகவர்கள் சொல்கிறார்கள், சொந்தக்காரரும் சொல்கிறார்கள். அப்படி ஒரு விதி பிரித்தானிய வருகையாளர் சட்டத்தில் கிடையாது. அடிக்கடியோ அடுத்தடுத்தோ வந்து நீண்ட காலம் வாழக்கூடாது, பிரித்தானியாவைத் தமது பிரதான வீடாக்கிக்கொள்ளக்கூடாது என்பதுதான் விதி. நாள் கணக்கு அதில் ஒரு பகுதி மட்டுமே.

அப்படியானால் அதிகாரி எதைப் பார்க்கிறார்? கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை முறை வந்தீர்கள், ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் நின்றீர்கள், போன தடவை புறப்பட்டு எவ்வளவு காலத்தில் திரும்பி வந்திருக்கிறீர்கள் என்பதைப் பார்ப்பார். ஊரில் இருந்ததைவிட பிரித்தானியாவில் இருந்த நாள் அதிகமா, இடையில் ஊருக்குப் போனது எதற்காக என்று கேட்பார். அங்குள்ள குடும்ப மருத்துவரிடம் பதிந்திருக்கிறீர்களா என்பதும் கேள்விக்கு வரும். இந்த மருத்துவர் விஷயத்தில்தான் பலர் யோசிக்காமல் மாட்டிக்கொள்கிறார்கள். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் குளிசை எடுக்கவேண்டியிருக்கிறதே என்று மகள் அன்போடு தாயைக் கொண்டுபோய்ப் பதிவாள். அடுத்த தடவை ஹீத்ரோவில் அந்தப் பதிவு, தாய் அங்கேயே குடியிருக்கிறார் என்பதற்கான அடையாளமாக எடைபோடப்படலாம்.

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் சிக்கலான இடம். மகள் வேலைக்குப் போனால் அம்மம்மாதான் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவார், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் இதை யாரும் வேலை என்று நினைப்பதில்லை. உறவினர் ஒருவர் குறுகிய கால வருகையில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதை பிரித்தானிய வழிகாட்டலும் தடுக்கவில்லை. சம்பளத்துக்கு அமர்த்தும் பிள்ளை பராமரிப்பாளரின் இடத்தை அவர் நிரப்பக்கூடாது என்பதே எல்லை. ஒரு மாதம் பார்த்தால் உறவு, வருடக்கணக்கில் மாறி மாறி வந்து பார்த்தால் சந்தேகம். நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் இந்த எல்லைக்கோட்டை முன்கூட்டியே யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அதிகாரிகள் மேல் மட்டும் பழியைப் போட நான் விரும்பவில்லை. அவர்கள் கையில் இருப்பது எழுதப்பட்ட விதி. ஆனால் அந்த விதி ஏன் இவ்வளவு பேரின் தலையில் விழுகிறது என்பதைப் பேசியே ஆகவேண்டும். 2012 ஜூலையில் பிரித்தானியா, முதிய பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் விதியை இறுக்கியது. நீண்டகாலத் தனிப்பட்ட பராமரிப்பு தேவைப்படும் நிலையில் பெற்றோர் இருக்க வேண்டும், அந்தப் பராமரிப்பு சொந்த நாட்டில் கிடைக்காது என்று நிரூபிக்கவும் வேண்டும். விண்ணப்பமும் வெளியில் இருந்துதான் போக வேண்டும். நடமாடித் திரியும் ஒரு எழுபது வயதுத் தாய்க்கு அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. மிஞ்சியது வருகையாளர் விசா. முன்வாசலை மூடிவிட்டு, பின்வாசலில் ஏன் இத்தனை தரம் வருகிறாய் என்று கேட்பது நியாயமில்லை.

கனடா இந்த விடயத்தில் கொஞ்சம் மனம் வைத்திருக்கிறது. 2011 டிசம்பரில் பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிக்குமான சூப்பர் விசாவைத் தொடங்கியது. முதலில் ஒரு வருகைக்கு இரண்டு ஆண்டுகள். 2022 ஜூலையிலிருந்து ஐந்து ஆண்டுகள். பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ குறித்த வருமானம் இருக்க வேண்டும், வருபவருக்கு ஒரு லட்சம் டொலர் மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் செய்ய வேண்டும். காப்புறுதித் தவணை வயதோடு கூடிக்கொண்டே போகும் என்பது உண்மை. ஆனாலும், நீண்ட நாள் நிற்கப்போகிறேன் என்று விமான நிலையத்தில் நேர்மையாகச் சொல்ல முடிகிறது. நிரந்தர வதிவிடத்துக்குக் கூப்பிடும் வழியோ அங்கும் குலுக்கலாகவே இருந்தது: 2020இல் விருப்பம் பதிந்தவர்களின் பட்டியலிலிருந்தே அடுத்த பல ஆண்டுகளுக்கும் அழைப்பு அனுப்பப்பட்டது.

ஐரோப்பாவில் கணக்கு இன்னும் இறுக்கமானது. ஷெங்கன் வலயத்தில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான். பாரிஸில் ஒரு மகன், சுவிஸில் ஒரு மகள், நோர்வேயில் தம்பி குடும்பம் என்று உறவு மூன்று நாடுகளில் இருக்கலாம். நாள்கள் எல்லாம் ஒரே கணக்கில்தான் கழியும். மகனோடு அறுபது நாள் நின்றுவிட்டால் மகளுக்கு மிஞ்சுவது முப்பது. 2025 ஒக்டோபர் 12இல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறையைத் தொடங்கியது. முகமும் கைரேகையும் பதிவாகும், நாளைக் கணினி எண்ணும். கடவுச்சீட்டில் மங்கிப்போன முத்திரையை நம்பி இரண்டு நாள் கூட நின்ற காலம் போய்விட்டது.

இனி மறுபக்கம். இலங்கைக்கு வரும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் இணையவழிப் பயண அனுமதி எடுத்து முதலில் 30 நாள் நிற்கலாம், பிறகு நீடித்து நீடித்து ஆறு மாதம் வரை போகலாம். ஊர்காவற்றுறையில் பிறந்து பிரித்தானியக் குடியுரிமை எடுத்த ஒருவருக்கும் இதுதான் வழி, மாஞ்செஸ்டரில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரருக்கும் இதுதான் வழி. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, இன்னொரு நாட்டின் குடியுரிமையைத் தானாக ஏற்கும் இலங்கையர் இந்நாட்டுக் குடியுரிமையை இழக்கிறார். 1987இன் திருத்தம் இரட்டைக் குடியுரிமைக்கு வழி வைத்தது. 2011இல் அது நிறுத்தப்பட்டு, 2015இல் மறுபடி தொடங்கியது. 55 வயதைத் தாண்டியவர்கள், தொழில் தகைமை உள்ளவர்கள், இங்கே சொத்தோ வைப்புப் பணமோ உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் கட்டணம் அதிகம், சேர்க்கவேண்டிய ஆவணங்களும் அதிகம். 1991இல் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட ஒருவரிடம் பிறப்புச் சான்றிதழையும் பழைய கடவுச்சீட்டையும் கேட்டால் அவர் எங்கே போவார்? ஆகவே பலர் சுற்றுலா விசாவிலேயே வருகிறார்கள், போகிறார்கள், மறுபடி வருகிறார்கள்.

அந்த விசாவின் நிபந்தனையைக் கவனமாகப் படிக்க வேண்டும். சம்பளத்துக்கோ சம்பளமில்லாமலோ வேலை செய்யக்கூடாது, வியாபாரம் செய்யக்கூடாது. ஊருக்கு வருகிறவர் சும்மா இருப்பாரா? பாழடைந்த வீட்டுக்கு ஓடு மாற்றுவார், கோயில் திருப்பணியைப் பொறுப்பெடுப்பார், பழைய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார், தோட்டக் கிணற்றை இறைத்துப் பார்ப்பார். தன் வீட்டைத் திருத்துவதை யாரும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம் படிப்பிப்பது எந்தப் பக்கம் விழும் என்று அவருக்கும் தெரியாது, அதிபருக்கும் தெரியாது. காணி விடயம் வேறு இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது. வாரிசு உரிமையில் வருவதற்கு விலக்கு உண்டு, இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் தடையில்லை. அது இல்லாதவர் தகப்பனின் வளவைப் பெறலாம், அதற்குப் பக்கத்து வளவை விலைக்கு வாங்க முடியாது.

நீண்ட நாள் நிற்கும் பயணிகள் மேல் இலங்கையின் கண் கடுமையானது தென் கரையோரத்தில் நடந்தவற்றால். 2022இல் உக்ரேன் போர் வெடித்த பிறகு வந்த ரஷ்யருக்கும் உக்ரேனியருக்கும் விசா நீடிப்புக் கிடைத்தது. இரண்டு ஆண்டில் வந்த ரஷ்யர் மட்டும் இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். சிலர் சுற்றுலா விசாவிலேயே உணவகமும் இரவு விடுதியும் நடத்தத் தொடங்க, உணவட்டுணவில் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்ட ஒரு விருந்து பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 2024 பெப்ரவரியில் அந்த நீடிப்பை முடிக்க அறிவிப்பு வந்தது. உள்ளூர்க்காரரின் பிழைப்பைப் பாதுகாக்க ஒரு நாடு இப்படி நடப்பதை நான் குறை சொல்லமாட்டேன். சுற்றுலா விசாவில் இந்தியாவிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் புடவை விற்றவர்கள் கைதான செய்திகளையும் படித்திருக்கிறோம். கடை வைக்க வந்தவரையும், தகப்பனின் வளவைத் துப்புரவாக்க வந்தவரையும் ஒரே தராசில் நிறுப்பதுதான் வலிக்கிறது.

திரும்பி வருகிறவர்களை அரசு எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பதற்கு 2025 மே மாத இறுதியில் பலாலி விமான நிலையத்தில் நடந்ததே போதும். தமிழ்நாட்டில் அகதியாக நீண்டகாலம் வாழ்ந்து, ஐ.நா. அகதிகள் முகவரமைப்பின் உதவியோடு வந்திறங்கிய எழுபத்தைந்து வயது முதியவர் கைது செய்யப்பட்டார். போர்க்காலத்தில் முறையான ஆவணமில்லாமல் நாட்டைவிட்டுப் போனார் என்பது குற்றம். குண்டு விழும்போது தோணியில் ஏறியவர் கடவுச்சீட்டு வரிசையில் நின்றிருக்க வேண்டும் என்கிறது சட்டம். எதிர்ப்பு எழுந்த பிறகு, இந்த நடைமுறையை மாற்றுவதாக அரசு தரப்பில் சொன்னார்கள். இராமேஸ்வரத்துக்குத் தோணியில் போன தீவாருக்கு அந்த வாக்குறுதி எழுத்தில் வேண்டும்.

குடும்பங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. போன நாள், வந்த நாள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். ஊரில் வீடு இருக்கிறது, ஓய்வூதியம் வருகிறது, கோயில் பொறுப்பு இருக்கிறது என்பதற்கான கடதாசிகளைக் கையோடு கொண்டுபோக வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு மாதம் என்று எழுதிவிட்டு ஐந்தரை மாதம் நிற்கக்கூடாது. அடுத்த விண்ணப்பத்தில் அது கட்டாயம் கண்ணில் படும். முகவர் தயாரித்துத் தரும் பொய் வங்கிக் கணக்கைத் தொடவே கூடாது. ஏமாற்று என்று ஒருமுறை பதிவானால் பிரித்தானியா பத்து ஆண்டு வரை கதவைச் சாத்தும். எழுபது வயதுத் தாய்க்குப் பத்து ஆண்டு என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

கொழும்பு செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. கடவுச்சீட்டுக்காக வடக்கு மக்கள் வவுனியாவுக்கும் பத்தரமுல்லைக்கும் அலைந்த காலத்துக்குப் பிறகு, 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டது. இரட்டைக் குடியுரிமை விண்ணப்பமும், முன்னாள் இலங்கையருக்கான வதிவிட விசாவும் தொடக்கம் முதல் முடிவு வரை அங்கேயே நடக்க வேண்டும். ஆவணங்கள் எரிந்துபோனவருக்குக் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் பள்ளிக்கூட இடாப்பும் போதும் என்று ஏற்க வேண்டும். காலையில் நெடுந்தீவில் படகேறுகிற ஒருவர் அந்த அலுவல்களைப் பார்த்துவிட்டு, பின்னேரப் படகுக்கே குறிகட்டுவான் திரும்பக்கூடியதாக இருக்க வேண்டும்.