தியேட்டர் சவுண்டில் ‘2 பாயின்ட்’ என்றால் எவ்வளவு?

2024 நவம்பரில் ‘கங்குவா’ வெளியான நாளில் ரசிகர்களின் புகார் கதையைப் பற்றி மட்டும் இல்லை, காதைப் பற்றியும்தான். ‘சத்தம் தாங்கல’ என்று சமூக வலைதளங்களில் பதிவுகள் குவிந்தன. ஆஸ்கர் வென்ற ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியும் இதை விமர்சித்தார். வால்யூமை 2 பாயின்ட் குறைக்கச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் ஞானவேல் ராஜா விளக்கம் தந்தார். சரி, அதென்ன 2 பாயின்ட்?

புரொஜெக்டர் ரூமில் உள்ள சவுண்ட் பிராசஸரில் வால்யூமுக்கு 0 முதல் 10 வரை எண்கள் இருக்கும். இதை ‘ஃபேடர்’ என்பார்கள். டால்பி பிராசஸர்களில் 7-தான் ஸ்டாண்டர்டு. மிக்ஸிங் ஸ்டுடியோவிலும் 7, தியேட்டரிலும் 7 என்றால், இன்ஜினீயர் கேட்ட அதே அளவு ரசிகருக்கும் கேட்கும் என்பது கணக்கு. 4-க்கு மேல் ஒவ்வொரு பாயின்ட்டும் சுமார் 3.3 டெசிபல். அப்படின்னா 2 பாயின்ட் குறைத்தால் கிட்டத்தட்ட 6.7 டெசிபல் போச்சு. சின்ன எண்தானே என்று தோன்றலாம். ஆனால் ஸ்பீக்கருக்குப் போகும் மின்சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும்.

சிக்கல் என்னவென்றால், எல்லா ஊர் ‘7’-ம் ஒன்றல்ல.

7-ஐ நிஜமான 7 ஆக்குவது எப்படி?

இங்கேதான் காலிபிரேஷன் வருகிறது. ஆளில்லாத அரங்கில், திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் மைக்குகளை வைப்பார்கள். பிறகு ஃபேடரை 7-ல் வைத்து ‘பிங்க் நாய்ஸ்’ ஓடும். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி ‘ஷ்ஷ்ஷ்...’ என்று ஒரு இரைச்சல். திரைக்குப் பின்னால் உள்ள இடது, நடு, வலது ஸ்பீக்கர்களைத் தனித்தனியாக ஓடவிட்டு, மீட்டர் 85 டெசிபல் காட்டும்வரை சரிசெய்வார்கள். 5.1 அரங்கில் இரண்டு பக்க சரவுண்டுக்கும் தலா 82. அட்மாஸ் அரங்கு என்றால் 64 ஸ்பீக்கர் லைன்கள்வரை இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தாக வேண்டும். பொறுமை வேணும்!

அளவு சரியானால் போதாது. திரையில் பொடிப்பொடி ஓட்டைகள் இருந்தாலும் ‘ச’, ‘ஸ’ போன்ற கூர்மையான ஒலிகளை அது கொஞ்சம் விழுங்கிவிடும். வசனம் மங்கலாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் ‘எக்ஸ் கர்வ்’ என்ற சர்வதேச அளவுகோலின்படி ஈக்வலைசரை செட் செய்கிறார்கள். திரையை மாற்றினால் இந்த வேலையையும் திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்தது நேரம். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க சுமார் 3 மில்லி செகண்ட் ஆகும். கடைசி வரிசைக்காரருக்குத் தலைக்கு மேல் இருக்கும் சரவுண்ட் ஸ்பீக்கர்தான் பக்கம், திரை தூரம். முதலில் வந்து சேரும் சத்தத்தின் திசையைத்தான் காது நம்பும். எனவே சரவுண்டை வேண்டுமென்றே சில மில்லி செகண்ட் தாமதப்படுத்துவார்கள். இல்லாவிட்டால் இசை திரையை விட்டு முதுகுப் பக்கம் நழுவிவிடும்.

யார் மேல் தப்பு?

85 டெசிபல் என்பது டெஸ்ட் அளவுதான். அதற்கு மேலே ஒரு சேனலுக்கு இன்னும் 20 டெசிபல் இடம் இருக்கிறது. வெடிச்சத்தம், இடி போன்ற சில நொடிகளுக்கான இடம் அது. மாஸ் படங்களில் பல காட்சிகள் அங்கேயே குடியிருக்கின்றன. காது வலிக்குது என்று புகார் வந்ததும் ஆபரேட்டர் 5-க்கு இறக்குகிறார். ஆனால் ஃபேடர் பின்னணி இசையை மட்டும் குறைக்காது, வசனத்தையும் சேர்த்தே குறைக்கும். ‘எப்படியும் குறைச்சுத்தான் ஓட்டுவாங்க’ என்று அடுத்த படத்தின் மிக்ஸிங்கில் இன்னும் ஏற்றுகிறார்கள். தியேட்டர் இன்னும் இறக்குகிறது.

டிஜிட்டல் யுகத்தில் படத்தின் ஒலி சுருக்கப்படாமல், எல்லா ஊருக்கும் ஒரே ஃபைலாகத்தான் போகிறது. ஆகவே ஒரே படம், ஒரே வெர்ஷன், ஒரு தியேட்டரில் புரிந்த வசனம் இன்னொன்றில் புரியவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த அரங்கைத்தான். நடு ஸ்பீக்கரில் பழுது இருக்கலாம். செட் செய்து வருஷக்கணக்கில் ஆகியிருக்கலாம். கோளாறு அதுவானால், வால்யூமை ஏற்றினாலும் வசனம் தெளியாது.

டிக்கெட் புக் செய்யும்போது ஒரு டிப்ஸ்: மைக் வைத்து அளந்த அதே பகுதியில் சீட் பிடியுங்கள். 20 வரிசை இருந்தால், திரையிலிருந்து 13 அல்லது 14-வது வரிசை, நடுவில்.