காற்றை நம்பி விளக்கு ஏற்றிய நாடு

அன்று ஞாயிற்றுக்கிழமை.

ரோட்டில் கார்களைக் காணோம். சொந்தக் காரை ஓட்டக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு!

கார்கள் பறக்கும் பெரிய சாலைகளில் மக்கள் நடந்து போனார்கள். குழந்தைகள் சைக்கிள் விட்டார்கள்.

திருவிழாவா? இல்லை. எண்ணெய்ப் பஞ்சம்!

இது நடந்தது 1973-ம் ஆண்டு நவம்பர் மாதம். நாடு, ஐரோப்பாக் கண்டத்தில் உள்ள டென்மார்க்.

தரங்கம்பாடியில் கடல் ஓரத்தில் ஒரு பழைய கோட்டை இருக்கிறதே, அதை 1620-ல் கட்டத் தொடங்கியவர்கள் இந்த நாட்டுக்காரர்கள்தான். சின்ன நாடு. இன்றைக்கும் ஜனத்தொகை சுமார் 60 லட்சம்தான்.

அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் 1973-ல் போர் மூண்டது. எண்ணெய் விலை நாலு மடங்கு ஏறியது. டென்மார்க் திண்டாடியது. அடுப்பு எரிய, வீடு சூடாக, ஆலை ஓட, எல்லாவற்றுக்கும் சேர்த்து 100-க்கு 90 பங்கு வெளிநாட்டு எண்ணெயைத்தான் அது நம்பி இருந்தது.

இன்று நிலைமை வேறு. அந்த நாட்டில் செலவாகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றாலைகள் தருகின்றன.

காற்று இலவசம்தான். ஆனால் காற்றாலை இலவசம் அல்ல. அதற்கு யார் பணம் கொடுப்பது? எத்தனை காலம் கொடுப்பது? இதுதான் டென்மார்க்கின் கதை.

வாத்தியார் செய்த சோதனை

பால் லா கூர் என்று ஒரு வாத்தியார். அஸ்கோவ் என்ற ஊரில், கிராமத்து இளைஞர்கள் படிக்கும் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

"பட்டணத்தில் மின்சார விளக்கு எரிகிறது. கிராமம் மட்டும் இருட்டில் கிடக்கலாமா?" இதுதான் அவருடைய கவலை.

1891-ம் ஆண்டு அவர் ஒரு காற்றாலை கட்டினார். அது மாவு அரைக்கவில்லை, மின்சாரம் கொடுத்தது! இந்தச் சோதனைக்கு சர்க்கார் பண உதவி செய்தது.

காற்று நின்றால் விளக்கு அணைந்து விடுமே? வாத்தியார் அதற்கும் வழி கண்டார். அந்த மின்சாரத்தைத் தண்ணீரில் செலுத்தி, ஹைட்ரஜன் வாயுவைப் பிரித்துச் சேர்த்து வைத்தார். அந்த வாயுவில் பள்ளிக்கூடத்து விளக்குகள் எரிந்தன. சில சமயம் வாயு வெடித்து ஜன்னல் கண்ணாடிகளும் நொறுங்கின! அவர் சோதனையை விடவில்லை.

அவரிடம் படித்தவர் ஜோஹன்னஸ் யூல். இவர் 1957-ல் கெட்செர் என்ற ஊரில் மூன்று இறக்கைக் காற்றாலை ஒன்றை நிறுவினார். அதன் சக்தி 200 கிலோவாட். 10 ஆண்டுகள் அது மின்சாரம் கொடுத்தது.

1967-ல் அதை நிறுத்தி விட்டார்கள். அப்போது எண்ணெய் மலிவு. காற்றை யார் மதிப்பார்கள்?

எண்ணெய்ப் பஞ்சம் வந்த பிறகுதான் எல்லோருக்கும் கெட்செர் காற்றாலையின் ஞாபகம் வந்தது. அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தாரே அதை மறுபடி ஓட்டிப் பார்க்க விரும்பினார்கள்!

நடைவண்டி

குழந்தை நடை பழகும்போது நடைவண்டி கொடுக்கிறோம். நன்றாக நடக்கத் தொடங்கியதும் அதைப் பரண்மேல் போட்டு விடுகிறோம். டென்மார்க் சர்க்காரும் காற்றாலைக்கு ஒரு நடைவண்டி கொடுத்தது. அதன் பெயர் மானியம்.

1979-ல் சட்டம் வந்தது. காற்றாலை வாங்குகிறவருக்கு, அதன் விலையில் 100-க்கு 30 பங்கை சர்க்கார் கொடுக்கும்.

ஒரு நிபந்தனையும் இருந்தது. ரீஸோ என்ற இடத்தில் உள்ள அரசாங்க நிலையம் சோதித்து, "சரி" என்று சொன்ன காற்றாலைக்குத்தான் பணம். புயலில் இறக்கை பறந்து போகும் சரக்குக்குக் காசு கிடையாது! அதனால் செய்கிறவர்கள் கவனமாகச் செய்தார்கள். தரம் உயர்ந்தது. வெளிநாடுகளும் வாங்க வந்தன.

தொழில் வளர வளர, சர்க்கார் மானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. 1989-ல் அந்த மானியத்தை அடியோடு நிறுத்தியது.

இதற்கு நடுவே, 1985-ல், "அணுமின் நிலையம் வேண்டாம்" என்று அந்நாட்டுப் பார்லிமெண்டு முடிவு செய்தது. காற்றின் மேல் இருந்த பொறுப்பு இன்னும் கூடியது.

ஊரே முதலாளி

காற்றாலை வாங்கியவர்கள் பெரிய பணக்காரர்கள் மட்டும் அல்ல. விவசாயிகள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள் எல்லோரும் கூட்டாகப் பங்கு போட்டு வாங்கினார்கள். ஆரம்பத்தில், பக்கத்தில் குடி இருப்பவர்கள்தான் பங்கு வாங்கலாம் என்று விதி இருந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இப்படிக் காற்றாலைப் பங்குதாரர்கள் ஆயின!

கடலுக்குள்ளும் காற்றாலை போனது. 1991-ல் விண்டெபி என்ற இடத்தில் 11 காற்றாலைகளைக் கடலில் நிறுவினார்கள். கடலில் அமைந்த காற்றாலைப் பண்ணைகளில் உலகிலேயே முதலாவது அதுதான். 2017-ல், வயதாகி விட்டதால் கழற்றி எடுத்தார்கள்.

2000-ல் தலைநகர் கோபன்ஹேகனுக்கு எதிரே கடலில் 20 காற்றாலைகள் எழுந்தன. அவற்றில் பாதி, 8 ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் சேர்ந்த கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம்.

சாம்ஸோ என்று ஒரு தீவு. சுமார் 4 ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். 1997-ல் சர்க்கார் நடத்திய போட்டியில் இந்தத் தீவு வென்றது. "10 ஆண்டுகளில் சொந்த சக்தியிலேயே வாழ்ந்து காட்டுகிறோம்" என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பொறுப்பு. தரையில் 11, கடலில் 10 காற்றாலைகள் அமைத்தார்கள். சொன்னபடியே செய்தார்கள்!

காற்று நின்று விட்டால் என்ன செய்வது? கடலுக்கு அடியில் கம்பி போட்டிருக்கிறார்கள். நார்வே நாட்டின் அணைக்கட்டு மின்சாரம் அதன் வழியே வருகிறது. காற்று பலமாக அடிக்கும்போது டென்மார்க் மின்சாரம் வெளியே போகிறது.

பில்லைப் பார்த்தால்...

எல்லோருக்கும் மகிழ்ச்சிதானா? இல்லை.

மானியப் பணம் வானத்தில் இருந்து விழவில்லை. ஒவ்வொரு வீட்டு மின்சார பில்லிலும் அதற்கென்று ஒரு தொகை சேர்த்து வசூலித்தார்கள். மற்ற வரிகளும் சேர்ந்தன. ஐரோப்பாவிலேயே மின்சாரத்துக்கு மிக அதிகமாகப் பணம் கட்டும் குடும்பங்களில் டென்மார்க் குடும்பங்களும் இருந்தன.

பில்லில் மானியத் தொகையை வசூலிக்கும் முறை தங்கள் விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று ஐரோப்பிய கமிஷன் கூறியது. 2016-ல் டென்மார்க் அதைக் கைவிட முடிவு செய்தது. 2022-க்குள் படிப்படியாக எடுத்து விட்டு, அந்தச் செலவை சர்க்கார் கஜானாவுக்கு மாற்றினார்கள்.

காற்றாலைகள் உயரமாக வளர்ந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள், "சத்தம் கேட்கிறது, வீட்டின் விலை குறைகிறது" என்று முறையிட்டார்கள். அதனால் 2009 முதல், வீட்டின் மதிப்பு குறைந்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அருகில் உள்ளவர்களுக்குப் பங்கும் கொடுக்க வேண்டும். 2020-ல் பங்குக்குப் பதிலாக, அண்டை வீட்டாருக்கு ஆண்டுதோறும் பணம் என்று மாற்றினார்கள்.

சீட்டுக் குலுக்கலும் வெறும் பெட்டியும்

2021-ல் ஒரு வேடிக்கை நடந்தது. தோர் என்ற பெரிய கடல் காற்றாலைத் திட்டத்துக்கு டெண்டர் கேட்டார்கள். போட்டியாளர்கள் பலரும் மிகக் குறைந்த ஒரே தொகையையே எழுதி இருந்தார்கள்! கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் ஆளை எடுத்தார்கள்.

வென்ற கம்பெனி மானியம் வாங்குவதற்குப் பதிலாக, சர்க்காருக்கு 280 கோடி குரோனர் கொடுக்க வேண்டிய நிலை. நம் பணத்தில் 3,000 கோடி ரூபாய்க்கு மேல்!

"குழந்தை நன்றாக நடக்கிறது. இனி நடைவண்டி எதற்கு?" என்று சர்க்கார் நினைத்தது. அடுத்த டெண்டரில், "மானியம் கிடையாது" என்று சொல்லி விட்டது.

2024 டிசம்பரில் கெடு முடிந்தது. பெட்டியைத் திறந்தால், ஒரு டெண்டர் கூட இல்லை!

ஏன்? இரும்பு விலை ஏறியது. வட்டி ஏறியது. இன்னொரு காரணமும் உண்டு. சந்தையில் தக்காளி வந்து குவிந்தால் விலை விழுகிறது அல்லவா? அதுபோல, பலமாகக் காற்று அடிக்கும் நாளில் எல்லாக் காற்றாலைகளும் சேர்ந்து ஓடுகின்றன. மின்சார விலை விழுந்து விடுகிறது. போட்ட பணம் திரும்புமா என்று கம்பெனிகள் பயந்தன.

2025-ல் சர்க்கார் பரண்மேல் போட்ட நடைவண்டியை மீண்டும் கீழே இறக்கியது. 3 கடல் காற்றாலைத் திட்டங்களுக்கு 5,520 கோடி குரோனர் வரை உதவி செய்யத் தயார் என்று அறிவித்தது.

ஆனால் இந்தத் தடவை ஒப்பந்தம் இரண்டு பக்கமும் கட்டும். மின்சார விலை குறைந்தால் சர்க்கார் கொடுக்கும். விலை ஏறினால் கம்பெனி திருப்பித் தர வேண்டும்.

மானியம் கொடுப்பது எளிது. எப்போது நிறுத்துவது என்று அறிவதுதான் கஷ்டம். 130 ஆண்டு அனுபவம் உள்ள டென்மார்க்கே அதில் ஒரு தடவை தவறி விட்டது. கொடுக்கிற பணம் வீட்டுக்காரர் கட்டும் வரியில் இருந்து வருவதால், அந்தக் கணக்கை அந்நாட்டு மக்கள் இன்றும் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள்.