நீருக்கடியில் ஒரு மஸ்கெலியா

ஹற்றனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவை நெருங்கும்போது, தேயிலை மலைகளுக்கு நடுவே பெரியதொரு நீர்ப்பரப்பு விரியும். மவுசாகலை நீர்த்தேக்கம் அது. அதன் அழகை ரசிக்கும் நம் சகோதரிகளில் எத்தனை பேருக்குத் தெரியும், பழைய மஸ்கெலியா நகரம் அந்த நீருக்கடியில்தான் கிடக்கிறதென்று?

ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள பள்ளத்தாக்கு இது. பாவா ஆதம் மலையின் பக்கமிருந்து இறங்கி வரும் மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகிக் கொழும்புவரை ஓடுகிறது. 1344இல் இப்னு பதூதா ஏறிய அந்த மலைக்கு, இன்று ஹற்றன் பக்கமிருந்து போகிறவர்கள் மஸ்கெலியாவைக் கடந்தே நல்லதண்ணியை அடைகிறார்கள்.

வெள்ளைக்காரத் துரைமார் இங்கே முதலில் போட்டது கோப்பி. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைநோய் அதை அழித்தபின்தான் தேயிலை வந்தது. இங்குள்ள தோட்டமொன்றுக்கு மொக்கா என்று பெயர். கோப்பிக்குப் புகழ்பெற்ற யெமன் நாட்டுத் துறைமுகத்தின் பெயரல்லவா அது! கோப்பி போய்விட்டது, பெயர் மட்டும் தேயிலைக்கு நடுவே நிற்கிறது. காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். அவர்களை நம்பிக் கடை வைத்தவர்களோடு பஸாரும் வளர்ந்தது.

இந்த ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918லேயே சொன்னார். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ அணை வந்தது. 1969இல் மவுசாகலை அணையும் முடிந்தபோது, நகரம் மேட்டுக்கு மாறவேண்டியதாயிற்று. தேங்கிய நீர் பழைய தெருக்களை மூடியது.

அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று தீர்மானமாகியிருந்தது. இருப்போமா, போவோமா என்று தெரியாமல் குடும்பங்கள் தவித்த அதே நாட்களில்தான் இந்த ஊரும் இடம்பெயர்ந்தது. நாட்டுக்கு வெளிச்சம் தந்த மலைகளில், லயன் காம்பிராக்கள் பலவற்றில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது என்பதையும் சொல்லாமல் விடமுடியாது.

கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே தெரியும். மக்கள் திரண்டு போய்ப் பார்ப்பார்கள். மழை பிடித்ததும் எல்லாம் மறுபடி மூழ்கிவிடும். டான்யூப் ஆற்றில் துருக்கிய முஸ்லிம்கள் வாழ்ந்த அடா கலே தீவும் இப்படித்தான் 1970இல் ஓர் அணைக்காக மூழ்கியது. அதன் பள்ளிவாசலில் விரித்திருந்த பெரிய கம்பளத்தை மட்டும் முன்னதாகவே ருமேனியாவின் கொன்ஸ்டான்சா பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

மஸ்கெலியாவுக்கும் நோர்ட்டன் பிரிட்ஜுக்கும் அருகே ஏழு கன்னி மலை எனும் தொடர் உண்டு. 1974 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டவர்களை ஏற்றிவந்த விமானம், கொழும்பில் இறங்குவதற்குச் சற்று முன் அந்த மலையில் மோதிச் சிதறியது. ஹாஜிகள் 182 பேர், விமானப் பணியாளர் 9 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நோர்ட்டன் பிரிட்ஜில் அவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்த விமானத்தின் சக்கரம் ஒன்றையும் அங்கே வைத்திருக்கிறார்கள்.